ஈப்போ லாயர் சீனிவாசகம் சகோதரர்கள் நம்ம தோட்டத்துக்குள்ள ஏன் வரல? (சுங்கை சிப்புட் விவாத இழை)

பழைய_லயம்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல, பேராக் மாநிலத்துல இருக்குற நம்ம சுங்கை சிப்புட் தொகுதி அரசியலைப் பேசுறப்பெல்லாம் துன் சம்பந்தன்ல ஆரம்பிச்சு, சாமிவேலு வழியா வந்து, 2008ல டாக்டர் ஜெயக்குமார் ஜெயிச்சதுல நிறுத்திடுறோம். தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை, கட்டடக் கலைஞர், டாக்டர். மூணு பேருல ஒருத்தர்கூட வக்கீல் கிடையாது.

அதே காலத்துல, காடியில போனா அரை மணி நேரத் தூரத்துல, ஈப்போவுல ரெண்டு தமிழ் வக்கீலுங்க சொந்தமா ஒரு கட்சி நடத்தினாங்க. அண்ணன் எஸ்.பி. சீனிவாசகம், தம்பி டி.ஆர். சீனிவாசகம். இன்னிக்கு டி.ஆர். பூங்காவுல நடக்கப் போறோம், எஸ்.பி. சீனிவாசகம் சாலையில காடி ஓட்டுறோம். அவங்க யாருன்னு என் மருமகனுக்குத் தெரியல. அவன் ஈப்போவுலயே பிறந்து வளந்தவன்.

என் கேள்வி இதுதான். மெங்லெம்பு சீனர்கள் ஒரு இலங்கைத் தமிழ் வக்கீலைத் தங்கள் ஆளா நினைச்சு ஓட்டுப் போட்டாங்க. நம்ம லயத்து ஆளுங்களோ, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல இருந்தவங்க, பாய்மரக் கப்பல் சின்னத்தைப் பார்த்து, சம்பந்தனோட மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) இருந்த ஆளுங்கட்சிக் கூட்டணிக்குப் போட்டாங்க. ஏன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. திட்டிக்காம பேசுவோம்.

ஓய்வு_வாத்தியார்:

நல்ல கேள்வி தம்பி. முதலில் கால வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

பிபிபி எனப்படும் மக்கள் முற்போக்குக் கட்சி 1953 ஜனவரியில் பேராக் முற்போக்குக் கட்சி என்ற பெயரில் தொடங்கியது. 1955 பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் 52 இடங்கள். கூட்டணிக்கு 51, பாஸ் கட்சிக்கு ஒன்று. சகோதரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஈப்போ-மெங்லெம்பு உறுப்பினராக இருந்த லியோங் இயூ கோ சுதந்திரத்தின்போது மலாக்கா ஆளுநராகப் போனார். அந்த இடத்துக்கு 1957 கடைசியில் நடந்த இடைத்தேர்தலில் டி.ஆர். வென்றார். 1959இல் நான்கு நாடாளுமன்ற இடங்கள்: ஈப்போ, மெங்லெம்பு, பத்து காஜா, உலு கிந்தா. 1964இல் இரண்டாகக் குறைந்தது. 1969இல் மறுபடி நான்கு, அதோடு பேராக் சட்டமன்றத்தில் 12.

ஆனால் இந்த எண்களை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் வராது. பதில் கட்சி பிறப்பதற்கு முந்தைய ஆண்டில் இருக்கிறது என்பது என் எண்ணம். 1952இல் ஈப்போவில் லீ மெங் என்ற இளம்பெண் கைதானார். கையெறி குண்டு வைத்திருந்தார் என்று குற்றச்சாட்டு. அவசரகாலச் சட்டப்படி அதற்கு மரண தண்டனைதான். அவருக்காக நின்றவர் எஸ்.பி. முதல் விசாரணையில் நீதிபதிக்குக் கருத்துச் சொல்ல அவரோடு அமர்ந்த இரண்டு ஆசிய அசெசர்களும் குற்றமில்லை என்றார்கள். நீதிபதி ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாவது முறை ஓர் ஐரோப்பிய அசெசர், ஓர் ஆசிய அசெசர். ஒருவர் குற்றவாளி என்றார், மற்றவர் இல்லை என்றார். நீதிபதி ஐரோப்பியரின் பக்கம் சாய்ந்தார். தூக்கு. கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை மனு போனது, அங்கும் கதவு திறக்கவில்லை. கடைசியில் 1953இல் பேராக் சுல்தான் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

இதை நினைத்துப் பாருங்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கிறது. கிந்தா வட்டாரச் சீனக் குடும்பங்களை முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். சந்தேகப்பட்டாலே பிடித்து உள்ளே போடும் காலம். அந்த நேரத்தில் 'இந்தப் பெண்ணுக்கும் சட்டம் உண்டு' என்று ஒரு தமிழ் வக்கீல் எழுந்து நிற்கிறார். அந்த ஊர்க்காரர்கள் அவரை மறப்பார்களா?

பத்து_வெள்ளி:

வாத்தியார் ஐயா சொல்றது சரி, ஆனா இந்தப் பேச்சு போற போக்குல சம்பந்தன் சின்னவரா ஆயிடக் கூடாது. அதுக்குத்தான் எழுதுறேன்.

நம்ம ஜனங்க ஏன் கப்பலுக்குப் போட்டாங்கன்னா, அந்த நேரத்துல தோட்டத்துக்கு என்ன ஆபத்து வந்துச்சோ அதுக்கு மருந்து சம்பந்தன்கிட்ட இருந்துச்சு. வெள்ளைக்காரன் சுதந்திரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் தோட்டத்தை வித்துட்டுப் போனான். வாங்கினவங்க துண்டு துண்டா வெட்டி வித்தாங்க. துண்டாடல்னு அப்பதான் பேர் வந்துச்சு. துண்டான தோட்டத்துல வேலையும் போச்சு, வீடும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. அதுக்கு எதிரா 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். மாசம் பத்து வெள்ளி, அதாவது பத்து மலாயா டாலர். பால் வெட்டுறவன் கட்டின காசுல கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினாங்க. எந்தக் கோர்ட்டுல எந்த வக்கீல் வாதாடி இது கிடைச்சிருக்கும்?

இன்னொண்ணு. 1954ல நம்ம ஊர் மகாத்மா காந்தி கலாசாலையைத் திறக்க விஜயலட்சுமி பண்டிட்டே வந்தாங்க. சம்பந்தன் நம்ம மண்ணுல வேர் விட்டவர். ஈப்போ லாயர்ங்க இங்கிலீஷ்ல கர்ஜிச்சாங்க, அது பட்டணத்துக்குச் சரி. எங்கப்பா லயத்துல இருந்தவர். அவருக்கு ஒரு வக்கீல் எதுக்கு?

செம்பனைக்காட்டுக்காரி:

அண்ணே, உங்க கடைசி வரியிலதான் விஷயமே இருக்கு. "அவருக்கு ஒரு வக்கீல் எதுக்கு?" அதைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

எங்கம்மா பால் வெட்டினவங்க. சம்பளத்துல தகராறுன்னா முதல்ல கங்காணி, அப்புறம் கிராணி, அதுக்கு மேல தொழிற்சங்கத் தலைவர். அதுலயும் முடியலன்னா லேபர் ஆபீஸ். 1955 வேலைச் சட்டப்படி சம்பளப் புகாரை லேபர் ஆபீஸ் அதிகாரியே விசாரிச்சு முடிவு சொல்லலாம். அங்க போக வக்கீல் வேண்டியதில்ல. அடிதடி, களவு எல்லாம் பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளயே பேசி முடிப்பாங்க, இல்லன்னா தொரை முடிவு சொல்லுவாரு. ஆக, ஒரு தோட்டத் தொழிலாளி பிறந்து சாகுற வரைக்கும் ஒரு வக்கீல் முகத்தைப் பார்க்காமலே இருந்திட முடியும்.

ஈயச் சுரங்கத்துச் சீனருக்கும் புதுக்கிராமத்துக்காரருக்கும் அப்படி இல்ல. அவங்களுக்கு அரசாங்கம்னாலே போலீஸ், லாக்கப், கோர்ட். குடியுரிமை, லைசன்ஸ், ரகசியச் சங்க வழக்கு, எல்லாத்துக்கும் வக்கீல் வேணும். அவங்க வாழ்க்கையில வக்கீல் ஒரு அவசியமான ஆளு. அந்த வக்கீல் அரசியலுக்கு வந்தா ஓட்டும் கூடவே வரும். நம்ம பக்கம் அந்த இடத்துல சங்கமும் ம.இ.காவும் இருந்துச்சு.

அதோட தோட்டம் தனியார் நிலம். மேனேஜர் விடலன்னா எதிர்க்கட்சிக்காரன் கேட்டைத் தாண்டி ஒரு நோட்டீஸ்கூடக் கொடுக்க முடியாது. காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களத்துல மைக் வச்சுப் பேச டி.ஆருக்கு யார் அனுமதி கொடுத்திருப்பாங்க?

பழைய_லயம்:

அக்கா, இது இவ்வளவு நாள் எனக்குத் தோணவே இல்ல. நன்றி.

கறுப்புக்கோட்டு:

நான் ஈப்போவில் வக்கீல் தொழில் செய்கிறவன். சுங்கை சிப்புட் பக்கம் சொந்தம் இருக்கிறது. டி.ஆர். பற்றிப் பேசும் எல்லாரும் அவர் குரலையும் கோபத்தையும் சொல்வார்கள். எனக்கு அவருடைய தொழில் நேர்மைதான் பெரிதாகத் தெரிகிறது. அதைக் காட்டும் வழக்கு ஒன்று இருக்கிறது. அவதூறுச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

1960களின் முற்பகுதி. அப்துல் ரஹ்மான் தாலிப் கல்வி அமைச்சர். 1960இன் ரஹ்மான் தாலிப் அறிக்கை அவர் பெயரில் வந்ததுதான். சீன இடைநிலைப் பள்ளிகளைத் தேசிய முறைக்குள் வராவிட்டால் அரசாங்க உதவி இல்லை என்ற நிலைக்குத் தள்ளிய அறிக்கை அது. பிபிபி அந்தக் கல்விக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தது. இந்தச் சூழலில் டி.ஆர். நாடாளுமன்றத்தில் அமைச்சர் மீது ஊழல் குற்றச்சாட்டு வைத்தார்.

கூட்டரசு அரசியலமைப்பின் 63ஆவது விதிப்படி நாடாளுமன்றத்துக்குள் பேசுவதற்காக ஓர் உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது. அந்தக் காலத்தில் உள்ளே என்ன சொன்னாலும் பாதுகாப்பு. அமைச்சர் கேட்டது நியாயமான கேள்விதான்: தைரியம் இருந்தால் வெளியே வந்து சொல்லுங்கள்.

டி.ஆர். வெளியே வந்து சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கில் அமைச்சர் தோற்றார், மேல்முறையீட்டிலும் வெல்லவில்லை. தீர்ப்பு 1965 மலாயன் லா ஜர்னலில் இருக்கிறது, மேல்முறையீடு 1966இல். தாலிப் 1965இல் அமைச்சரவையிலிருந்து விலகினார்.

நம் நாட்டு நாடாளுமன்ற வரலாற்றில் இதற்கு இணையாக அதிகம் சொல்ல முடியாது.

சட்டக்கல்லூரி_தங்கை:

ஐயா, ஒரு சந்தேகம். நான் சட்டம் படிக்கிறேன், அடுத்த வருடம் சேம்பரிங், அதாவது வக்கீலாவதற்கு முந்தைய அலுவலகப் பயிற்சி. வெளியே வந்து பேசுவது துணிச்சல், சரி. ஆனால் இதில் வக்கீல் தொழிலின் பங்கு என்ன? எந்த அரசியல்வாதியும் துணிந்து பேசிவிடலாமே?

கறுப்புக்கோட்டு:

தங்கை, நல்ல இடத்தில் கேட்டீர்கள்.

அவதூறு வழக்கில் பிரதிவாதி "நான் சொன்னது உண்மை" என்று தற்காத்துக்கொள்ளலாம். 1957 அவதூறுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு அதைப் பற்றியதுதான். ஆனால் உண்மை என்று நிரூபிக்கும் சுமை முழுவதும் சொன்னவர் தலையில். வாதி எழுந்து "நான் நல்லவன்" என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தத் தற்காப்பு தோற்றுப்போனால் சும்மா இருந்ததைவிட மோசமாகும். கோர்ட்டிலும் வந்து அதே பழியைத் திரும்பச் சொன்னார் என்று நஷ்டஈடு ஏறும்.

ஆகவே வெளியே வந்து பேசும் முன்பே டி.ஆர். தன் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது, யார் சாட்சிக் கூண்டில் ஏறுவார், குறுக்கு விசாரணையில் யார் நிலைப்பார் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். கிரிமினல் கோர்ட்டில் வளர்ந்த ஆள் அப்படித்தான் யோசிப்பார். மேடையில் கைதட்டலுக்காகப் பேசுகிறவர் ஆதாரத்தைப் பிறகு தேடுவார். அவர் ஆதாரத்தை முதலில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தவர். அதுதான் தொழிலிலிருந்து அரசியலுக்கு அவர் கொண்டுவந்த சொத்து.

இன்றைக்கு யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் யார் மீதும் எதையும் சொல்கிறார்கள். வழக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டுப் பதிவை நீக்குகிறார்கள். அந்த மனிதரைப் படித்தால் இவர்களுக்கு நல்லது.

பத்து_வெள்ளி:

இதை ஒத்துக்கிறேன். அந்த வழக்கு பெரிய விஷயம். எங்கப்பா கூப்பிடுறப்பவே "டி.ஆர்."னு ரெண்டெழுத்தைத் தனியா அழுத்திச் சொல்லுவாரு, ஓட்டுப் போட்டதென்னவோ கப்பலுக்குத்தான்.

ஆனா கேக்குறேன், ஒரு மந்திரியை வீழ்த்தினதுல எங்க லயத்துக்கு ஒரு தண்ணிக் குழாய் வந்துச்சா? அதான் எனக்கு வேணும்.

செம்பனைக்காட்டுக்காரி:

வந்திருக்காதுண்ணே. ஆனா தொண்ணூறுகள்ல எங்க தோட்டத்துக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. இந்த இழைக்கே அதுதான் முக்கியம்னு நினைக்கிறேன்.

பேர் வேண்டாம். பேராக்ல ஒரு தோட்டம், அவ்வளவு போதும். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டாங்க, அப்புறம் செம்பனையையும் வெட்டி வீடமைப்புக்கு வித்தாங்க. எல்லாருக்கும் வேலை நிறுத்த நோட்டீஸ் வந்துச்சு. 1980 விதிமுறைப்படி நஷ்டஈடு உண்டு: ரெண்டு வருஷத்துக்குக் கீழ வேலை செஞ்சிருந்தா வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம், ரெண்டுலேருந்து அஞ்சு வருஷம்னா பதினைஞ்சு நாள், அஞ்சுக்கு மேல இருபது நாள். கேக்க நல்லா இருக்கும். ஆனா கணக்கு அவங்களோட நாள் சம்பளத்துல. பால் வெட்டுறவங்க நாள் சம்பளம் என்ன பெரிசா இருந்துச்சு? முப்பது வருஷம் அந்த மரங்களுக்கு நடுவுல எழுந்தவங்களுக்கு அந்தக் காசுல டவுன்ல ஒரு தரைவீட்டுக்கு முன்பணம்கூடக் கட்ட முடியல.

வீட்டைப் பத்தி அந்த விதிமுறையில ஒரு வரிகூடக் கிடையாது. வேலை இருக்குற வரைக்கும்தான் லயம். வேலை போனா நீ வேற ஆள் நிலத்துல உட்கார்ந்திருக்கே. எங்கம்மா மாதிரி அங்கேயே பிறந்தவங்களுக்கு அது புரியவே இல்ல. "எங்க அப்பா கட்டின கோயில் இங்க இருக்கு, நான் எங்க போறது?"ன்னு கேட்டாங்க.

அப்பதான் எங்க லயத்துக்கு முதல்முறையா ஒரு வக்கீல் வந்தாங்க. காசு வாங்கல. மாரியம்மன் கோயில் வாசல்ல பாய் விரிச்சு உட்கார்ந்து ஒவ்வொருத்தர் சம்பளச் சீட்டையும் பார்த்தாங்க. ராத்திரி பத்து மணியாயிடுச்சு, எல்லாரும் போனப்புறமும் எங்க பாட்டி அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு விடல.

அண்ணே, உங்கப்பாவுக்கு வக்கீல் வேண்டியதில்லாம இருந்திருக்கலாம். எங்கம்மா காலத்துக்கு வேணும்னு ஆயிடுச்சு.

கறுப்புக்கோட்டு:

அக்கா சொன்னதற்கு ஒரு சட்டக் குறிப்பு. தோட்ட உரிமையாளர் குடியிருப்பாளர்களை வெளியேற்ற, நீதிமன்ற விதிகளில் 89ஆவது ஆணை என்று ஒன்று இருக்கிறது. நிலத்தைச் சீக்கிரமாக மீட்க அது வழி. முழு விசாரணை இல்லாமலே உத்தரவு வாங்கலாம். வேலையோடு சேர்ந்து கிடைத்த வீட்டில் இருப்பது வெறும் அனுமதி, உரிமை இல்லை என்று வாதம் போகும். தொழிலாளர் தரப்பு வக்கீல் "இங்கே விசாரிக்க வேண்டிய கேள்வி இருக்கிறது" என்று காட்டிக் காலம் வாங்கலாம். ஆறு மாதம், ஒரு வருடம். அந்தக் காலத்துக்குள் பேச்சுவார்த்தை நடந்து ஏதாவது கிடைக்கும்.

ஆனால் வீடு கோர்ட்டில் கிடைக்காது. நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். மாற்று நிலம், மலிவு வீடு, கோயிலுக்கு இடம், தமிழ்ப்பள்ளிக்கு இடம், எல்லாம் மாநில முதல்வரான மந்திரி பெசார் அலுவலகத்திலும் ஆட்சிக்குழுவிலும்தான் முடிவாகும். இந்த வழக்குகளில் நின்ற எந்த வக்கீலும் ஒரு கட்டத்தில் இந்தச் சுவரில் போய் முட்டுவார். சட்டப் புத்தகத்தில் இருக்கும் பக்கம் முடிந்துவிடும், ஜனங்கள் இன்னும் லயத்தில்தான் இருப்பார்கள்.

சின்ன ஊர் வக்கீல்கள் அரசியலுக்கு ஏன் போகிறார்கள் என்றால், பதவி ஆசையைத் தள்ளிவைத்துப் பார்த்தால், முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். எங்கள் ஈப்போவிலேயே குலசேகரன் வக்கீலாக இருந்தவர்தான். 1997இல் தெலுக் இந்தான் இடைத்தேர்தலில் வென்றார், 2004இலிருந்து ஈப்போ பாராட் தொகுதி எம்.பி., 2018இல் மனிதவள அமைச்சர். அவர் அரசியலோடு நீங்கள் ஒத்துப்போகலாம், போகாமல் இருக்கலாம். பாதை அதே பாதைதான்.

சட்டக்கல்லூரி_தங்கை:

அப்படியானால் டி.ஆரும் எஸ்.பியும் இதே சுவரில் முட்டித்தான் கட்சி தொடங்கினார்களா?

ஓய்வு_வாத்தியார்:

ஆமாம் அம்மா, அப்படித்தான் நான் பார்க்கிறேன். லீ மெங் உயிரைக் காப்பாற்றியது கடைசியில் எந்தத் தீர்ப்பும் இல்லை, சுல்தானின் கருணை. கோர்ட் எங்கே முடிகிறது என்பதை அந்த வழக்கு நடந்த நகரத்தில் எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். தூக்குத் தீர்ப்பு 1952இல் வந்தது, கட்சி 1953 ஜனவரியில் வந்தது, சுல்தானின் கருணை அதற்குப் பிறகுதான். தேதிகளை நீங்களே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பத்து_வெள்ளி ஐயா தண்ணீர்க் குழாய் கேட்டார். அதற்கும் பதில் உண்டு. குழாய், சாக்கடை, விளக்கு, குப்பை எல்லாம் ஊராட்சியின் வேலை. அந்தக் காலத்தில் ஊராட்சிக்குத் தேர்தல் இருந்தது. ஈப்போ நகராண்மைக் கழகம் பிபிபி கையில் இருந்தது. நாடாளுமன்றத்தில் நான்கு பேர் இருந்துகொண்டு அரசாங்கத்தை எதிர்ப்பது வேறு, ஒரு நகரத்தையே நடத்திக் காட்டுவது வேறு. ஈப்போக்காரர்கள் அந்தச் சகோதரர்களை இன்றும் மரியாதையோடு சொல்வதற்கு நகராண்மைக் கழகம்தான் பாதிக் காரணம்.

1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். ஊராட்சிகளை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? செனட்டர் ஆதி நாகப்பன். அவரும் தமிழர், அவரும் வக்கீல், அதிலும் ம.இ.கா.காரர். அரசாங்கக் கட்சியில் இருந்துகொண்டே அவருடைய ஆணையம் தேர்தல் தொடர வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டத்தோடு அது சட்டப்படியே முடிந்தது. இன்று சுங்கை சிப்புட்டில் ஒரு சாக்கடை அடைத்துக்கொண்டால் நாம் ஓட்டுப் போடாத ஒரு கவுன்சிலரைத் தேடிப் போகிறோம்.

எதிர்க்கட்சியில் ஒரு தமிழ் வக்கீல், ஆளும் கட்சியில் ஒரு தமிழ் வக்கீல். ஊராட்சித் தேர்தல் விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தர எனக்குப் பாடத்திட்டத்தில் இடம் இருந்ததில்லை என்பது இன்றும் எனக்கு ஆற்றாமை.

பத்து_வெள்ளி:

ஆதி நாகப்பன் பேர் வந்ததுல சந்தோஷம். அவர் சம்சாரம் ஜானகி அம்மா நேதாஜியோட ஜான்சி ராணிப் படையில இருந்தவங்க. அந்தக் குடும்பத்தைப் பத்தித் தனியா ஒரு இழையே போடணும்.

பழைய_லயம்:

போடுங்கண்ணே, கண்டிப்பா. இப்ப இன்னொரு கேள்வி. இவ்வளவு பெரிய கட்சி எப்படி அவ்வளவு சீக்கிரம் காணாமப் போச்சு? 1969ல 12 சட்டமன்ற இடம், 1974ல ஒண்ணுமில்லாத மாதிரி ஆச்சு.

ஓய்வு_வாத்தியார்:

டி.ஆர். 1969 மார்ச் 15இல் இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மே 10 பொதுத் தேர்தல். இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. அந்தத் துக்கத்தோடு ஈப்போ வாக்களித்தது. பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் கூட்டணிக்கு 19தான், பெரும்பான்மை போய்விட்டது. பிபிபிக்கு 12, ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜ.செ.க.) 6, கெராக்கானுக்கு 2, பாஸுக்கு 1. சகோதரர்கள் பதினாறு ஆண்டு உழைத்ததன் உச்சம் அது. பார்க்கத் தம்பி இல்லை.

பிறகு மே 13 இனக் கலவரம். நாடாளுமன்றம் முடங்கியது. 1972இல் எஸ்.பி. கட்சியைக் கூட்டணியோடு பேராக்கில் இணைத்தார், பிறகு அந்தக் கூட்டணி விரிந்து உருவான தேசிய முன்னணியிலும். 1974 தேர்தலில் எஸ்.பியே தோற்றார். 1975இல் அவரும் காலமானார். அவ்வளவுதான்.

சட்டக்கல்லூரி_தங்கை:

எஸ்.பி. ஏன் சேர்ந்தார்? காட்டிக்கொடுத்தார் என்று சொல்லலாமா?

கறுப்புக்கோட்டு:

அப்படிச் சொல்ல மாட்டேன். 1969க்குப் பிறகு நாடு பயந்திருந்தது. இன்னொரு கலவரம் வந்தால் முதலில் சாவது யார் என்று அவருக்குத் தெரியும். மாநில ஆட்சியில் பங்கு கிடைத்தால் ஈப்போவுக்கு ஏதாவது செய்யலாம் என்று அவர் நினைத்திருந்தால் அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு வக்கீலுக்குத் தெரிந்த விஷயம் இது: சில வழக்குகளில் சமரசம்தான் கட்சிக்காரருக்கு நல்லது.

செம்பனைக்காட்டுக்காரி:

சமரசம் செய்யுறதுக்கு முன்னாடி கட்சிக்காரரைக் கேக்கணும் இல்லையாண்ணே? மெங்லெம்பு ஜனங்களை யார் கேட்டாங்க? அவங்க பதிலை 1974லதான் சொல்ல முடிஞ்சுது, ஜ.செ.கவுக்குப் போட்டு.

எங்க தோட்டத்து வழக்கும் சமரசத்துலதான் முடிஞ்சுது. ஆனா அந்த வக்கீல் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கோயில் வாசல்ல எல்லாரையும் கூட்டி, இதுல இது கிடைக்கும், இது கிடைக்காதுன்னு தமிழ்ல வரி வரியாப் படிச்சுக் காட்டினாங்க. நாலு குடும்பம் வேண்டாம்னு சொன்னாங்க. அவங்களுக்காக இன்னொரு தடவை போய்ப் பேசினாங்க. அதனால இன்னிக்கும் அவங்களை யாரும் குறை சொல்றதில்ல, கிடைச்ச வீடு சின்னதா இருந்தாலும்.

பத்து_வெள்ளி:

அக்கா கேட்டது நியாயம். ஆனா அதே நியாயத்தை நம்ம பக்கமும் வைக்கணும். ம.இ.கா எந்த முடிவுக்கு லயத்து ஜனங்களைக் கேட்டுச்சு? சம்பந்தன் இருந்தப்ப தோட்டம் தோட்டமாப் போய் உட்கார்ந்து பங்கு சேர்த்தாரு. அவருக்குப் பின்னாடி வந்தவங்க மாலை வாங்கத்தான் வந்தாங்க. இதை நான் ம.இ.கா. கிளையில இருந்துக்கிட்டே சொல்றேன்.

ஓய்வு_வாத்தியார்:

அக்கா பக்கம்தான் நான் நிற்கிறேன். கறுப்புக்கோட்டு தம்பி சொல்வதில் மனிதாபிமானம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிபிபியின் பெரிய குறை 1972இல் வந்தது இல்லை, தொடக்கத்திலிருந்தே இருந்தது. எல்லாம் இரண்டு சகோதரர்கள். கட்சிக்கு அலுவலகம் இருந்தது, உறுப்பினர்கள் இருந்தார்கள், நகராண்மைக் கழகம் இருந்தது. ஆனால் முடிவு எடுப்பது ஒரே குடும்பம். வக்கீல் அலுவலகம் அப்படி நடக்கலாம், கட்சி நடக்க முடியாது. தம்பி போனதும் அண்ணன் தனியானார். அடுத்த வரிசையில் யாரும் வளர்க்கப்படவில்லை. தோட்டங்களுக்குள் அவர்கள் வராததற்குக் கேட்டும் மேனேஜரும் காரணம் என்று அக்கா சொன்னது சரி. ஆனால் லயத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையை வக்கீல் அலுவலகத்தில் உட்காரவைத்து, பிறகு வேட்பாளராக்கியிருந்தால் அவன் தன் சொந்த லயத்துக்குள் போக யாரிடம் அனுமதி கேட்டிருப்பான்?

சட்டக்கல்லூரி_தங்கை:

ஐயா, நான் லயத்தில் பிறந்தவள். எங்கள் தோட்டத்திலிருந்து சட்டம் படிக்கும் முதல் ஆள். சேம்பரிங் ஒன்பது மாதம் கோலாலம்பூரில் செய்யலாம் என்றுதான் இருந்தேன், அங்கே அலவன்ஸ் கூட. ஈப்போவிலோ கோலகங்சாரிலோ இடம் கிடைக்குமா? கறுப்புக்கோட்டு அண்ணன் சொன்னால் விண்ணப்பம் அனுப்புகிறேன்.

கறுப்புக்கோட்டு:

கிடைக்கும் தங்கை. அலவன்ஸ் குறைவு, வேலை அதிகம், கிரிமினலும் நிலமும் இரண்டும் பார்க்கலாம். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வரும்போது 1965 தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள். யார் என்ன பேசினார்கள் என்பதைவிட எந்த ஆவணம் எந்தச் சாட்சி வழியாக உள்ளே வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், முதல் வாரத்திலேயே அதைப் பற்றிக் கேட்பேன்.